கன்னடத் திரையில் குடும்ப மரபு: கேள்வி கேட்டதே பெரும்பணி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, பிழைப்புக்காக வந்து பெங்களூருக்காரர்களாகவே ஆகிவிட்ட என் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடும்ப மரபுக்குக் கன்னடத் திரைப்படம் ஆற்றிய பெரும்பணி போற்றுதலா, கேள்வி கேட்டதா என்பது இன்றைய தலைப்பு. போற்றுதலே என்று வாதிட்ட எதிரணித் தலைவர் நீண்ட பட்டியல் ஒன்றைப் படித்துவிட்டு அமர்ந்திருக்கிறார். அக்காள் குடும்பத்துக்காகத் தன்னையே தேய்த்துக்கொண்ட 'பங்காரத மனுஷ்ய' ராஜீவன், தம்பிகளுக்காகத் தனக்கென்று ஒரு வாழ்க்கையே தேடிக்கொள்ளாத 'யஜமான' அண்ணன், தங்கையின் துயரத்துக்காகக் கண்ணீர் வடித்த 'தவரிகெ பா தங்கி' அண்ணன், பெற்ற பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியவர்களுக்குப் பிள்ளையாக நின்ற 'ராஜகுமார' நாயகன் என்று அவர் அடுக்க அடுக்க, அவையில் பலர் கைதட்டியதையும் கேட்டேன். தட்ட வேண்டிய படங்கள்தாம்; நானும் அவற்றைப் பார்த்துக் கண் கலங்கியவன்தான். எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதென்றால் என் அணி இப்போதே தோற்றுவிட்டது என்பதையும் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பு கேட்பது எத்தனை படங்கள் என்று அன்று. பெரும்பணி எது என்றுதான் கேட்கிறது. ஆயிரம் முறை திருப்பிச் சொன்ன ஆறுதலைவிட, ஒரே ஒருமுறை சரியான இடத்தில் கேட்ட கேள்விக்கு எடை அதிகம் என்பதே என் வாதம்.

முதலில் பட்டியலைக் கொஞ்சம் சரிபார்த்துவிடுவோம். 'யஜமான' படத்தை எதிரணி அன்பர் கன்னடக் கணக்கில் எழுதினார். நடுவர் அவர்களே, அது 2000ஆம் ஆண்டில் நம் விஜயகாந்த் நடித்து வந்த 'வானத்தைப் போல' படத்தின் மறு ஆக்கம். 'யஜமான' நாயகன் விஷ்ணுவர்தனுக்கு அதற்கு முந்தைய ஆண்டில் பேர் சொல்லும்படி அமைந்த 'சூர்யவம்ச' படமோ நம் சரத்குமாரின் 'சூர்யவம்சம்'. நம் வீட்டுச் சரக்கை எடுத்துப்போய் அடுத்த வீட்டுக் கணக்கில் வரவு வைக்கலாமா? கூட்டுக் குடும்பத்தைத் தூக்கிப்பிடிப்பதில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் என்பதற்கு அவை சான்று. கன்னடத் திரையின் தனிப்பணி எதுவென்பதற்கு அவை சான்றாகா.

எதிர்த்திசையில் போனதும் உண்டு. 1958இல் பி.ஆர். பந்துலு கன்னடத்தில் எடுத்த 'ஸ்கூல் மாஸ்டர்', தமிழில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்று வந்தது. ஊருக்கெல்லாம் பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆசிரியர் ஓய்வு பெற்றதும், பெற்ற மகன்கள் தாயையும் தந்தையையும் ஆளுக்கொருவராகப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். சொத்தைப் பிரிப்பதைப் பார்த்திருக்கிறோம்; அங்கே பிரிக்கப்பட்டது ஒரு தாம்பத்தியம். முதுமையில் கணவன் ஒரு வீட்டிலும் மனைவி ஒரு வீட்டிலுமாக வாடும்போது கைகொடுக்க வருபவன் யார்? மகன் இல்லை, மருமகன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. என்றோ அவரிடம் படித்த ஒரு மாணவன். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது. இரத்த உறவு கைவிட்ட இடத்தில் எழுத்தறிவித்த உறவு வந்து நிற்கிறது என்று காட்டிய படத்தைக் குடும்பத்துக்குப் பாடிய புகழ்மாலை என்று எப்படிச் சொல்வது? அந்தப் படத்துக்கும் 2017இல் வந்த 'ராஜகுமார' படத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள் கிடக்கின்றன. முதியோர் இல்லம் என்ற கட்டடம் மட்டும் புதிதாக முளைத்திருக்கிறது, பிள்ளைகள் அப்படியே இருக்கிறார்கள்.

இப்போது எதிரணியின் பெரிய தூணுக்கே வருகிறேன். 'பங்காரத மனுஷ்ய', 1972. சித்தலிங்கையா இயக்கம், டி.கே. ராமராவின் நாவல், ராஜ்குமார் நடிப்பு. கெம்பேகவுடா சாலையில் ஸ்டேட்ஸ் திரையரங்கில் இரண்டு ஆண்டுகள் ஓடிய படம் என்பதை இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னட மக்கள் 'அண்ணாவ்ரு' என்று உருகி அழைக்கும் ராஜ்குமார், நம் தாளவாடிப் பக்கத்துக் காஜனூரில் பிறந்தவர் என்பதால் நமக்கும் அவர் மேல் ஓர் உரிமை உண்டு. திரையில் புகைப்பதையும் குடிப்பதையும் தவிர்த்து, வீட்டுக்கு ஒரு மூத்த பிள்ளையாகவே அவர் தம்மை வைத்துக்கொண்டதும் உண்மை. அந்தப் பிம்பத்தின் உச்சம் இந்தப் படம் என்று எதிரணி சொல்கிறது. நானும் அதையேதான் சொல்கிறேன்; ஆனால் எதிரணித் தலைவர் படத்தின் முக்கால் பங்கோடு எழுந்து வந்துவிட்டார் போலிருக்கிறது.

கடைசிப் பகுதியை அவைக்கு நினைவூட்டுகிறேன். அக்காள் கணவர் இறந்த வீட்டுக்கு வந்த ராஜீவன், தரிசைக் கழனியாக்கி, கடனை அடைத்து, அக்காள் பிள்ளைகளை ஆளாக்கி, தன் மனைவியையும் இழந்து நிற்கிறான். வெளியே சொல்ல முடியாத ஒரு பொறுப்பையும் அவன் சுமக்கிறான்: இறந்துபோன அக்காள் கணவருக்கு மறைவாக இருந்த இன்னொரு குடும்பத்துக்கு ஆதரவு தருகிறான். அதைச் சொன்னால் அக்காள் மனம் உடையும், இறந்தவர் பெயர் கெடும், வீட்டு மானம் போகும். ஆகவே வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தைத்தான் அவன் வளர்த்த அக்காள் மகன் ஆயுதமாக எடுக்கிறான். வீட்டுச் சொத்தை எவளுக்கோ கொண்டுபோய்க் கொட்டுகிறாய் என்று பழி சுமத்துகிறான். எங்கே வைத்து? சாப்பாட்டு இலைக்கு முன் வைத்து. தன் உழைப்பில் விளைந்த சோற்றைப் பாதியில் விட்டு ராஜீவன் எழுந்து போகிறான், போனவன் திரும்பவில்லை.

நடுவர் அவர்களே, இந்தக் காட்சியில் போற்றப்படுவது தனி ஒரு மனிதன். குற்றவாளிக் கூண்டில் நிற்பது குடும்பம். மூத்தவர் செய்த தவறை இளையவர் மறைக்க வேண்டும், குடும்ப மானம் என்பது பேசாமல் இருப்பதில் இருக்கிறது என்ற மரபை ஒருவன் அணுவும் பிசகாமல் கடைப்பிடித்தால் அவனுக்குக் கிடைக்கும் கூலி என்ன என்பதை அந்தப் படம் மறைக்காமல் காட்டுகிறது. ராஜீவன் ஒரே ஒரு சொல் பேசியிருந்தால் தப்பித்திருப்பான். அந்தச் சொல்லைப் பேசவிடாமல் தடுத்தது எது? எதிரணியினர் போற்றச் சொல்கிறார்களே, அதே மரபுதான். இரண்டு ஆண்டுகள் திரண்டு வந்து பார்த்த மக்கள், இப்படி ஒரு பிள்ளை நமக்கு வேண்டும் என்று மட்டுமே எண்ணியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நம் வீட்டில் யாரை இப்படி இலையிலிருந்து எழுப்பிவிட்டோம் என்றும் சிலராவது எண்ணியிருப்பார்கள்.

அடுத்து, என் அணியின் மூலபலம்: இயக்குநர் புட்டண்ண கணகால். பந்துலுவிடம் பயின்றவர். புட்டண்ணாவின் படங்களுக்கு நாவல் தந்த திரிவேணியும் எம்.கே. இந்திராவும் நடுத்தர வீட்டின் கூடத்தையும் அடுக்களையையும் உள்ளிருந்து அறிந்த பெண்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர்கள் எல்லாம் மரபறியாதவர்கள், மேல்நாட்டுப் படிப்பில் மயங்கியவர்கள் என்று எதிரணியில் யாராவது சொல்லக்கூடும். திரிவேணி 1963இல், பிள்ளை பெற்ற சில நாட்களில், முப்பத்து நான்கு வயதில் மறைந்தவர். அவருடைய நாவல்கள் புட்டண்ணாவின் கையில் படமானபோது அவர் உயிரோடு இல்லை.

1967இல் வந்த 'பெள்ளிமோட' படத்தில் இந்திராவுக்கு மணமகனாகக் குறிக்கப்பட்டவன் மோகன். அவளுடைய தந்தையின் செலவில் வெளிநாடு போய்ப் படித்து வருகிறான். அதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்துவிடுகிறது. சொத்து இனி அந்தப் பிள்ளைக்குப் போகும் என்று தெரிந்ததும் மோகனுக்குத் திருமண ஆசை வற்றிவிடுகிறது. பின்னொரு நாள் விபத்தில் அடிபட்டு அவன் படுக்கையில் கிடக்கும்போது அதே இந்திரா அவனுக்குப் பணிவிடை செய்கிறாள். அவனும் மனம் திருந்தி மணந்துகொள்ளக் கேட்கிறான். நம் மரபுக் கதை எதுவானாலும் இந்த இடத்தில் மேளம் கொட்டியிருக்கும். இந்திரா மறுக்கிறாள். நோயாளிக்குக் காட்டிய இரக்கம் வேறு, வாழ்நாள் முழுவதற்குமான சம்மதம் வேறு என்று பிரித்தறிந்து ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொன்னதை அந்தக் காலத்திலேயே கன்னட மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

'கெஜ்ஜெ பூஜெ' 1969இல் வந்தது. கணிகையர் குலத்தில் பிறந்த சந்திரா கேட்பது பொன்னும் மாளிகையும் அல்ல. கழுத்தில் ஒரு தாலி, எல்லாரையும் போல ஒரு குடித்தனம். எதிரணியினர் போற்றும் அதே குடும்பத்துக்குள் நுழைய அவள் வாசலில் நிற்கிறாள். கதவு திறக்கவில்லை; காலில் சலங்கை கட்டும் சடங்கு நாளிலேயே உயிரை விடுகிறாள். மரபை அவளைவிட அதிகமாக விரும்பியவர் அந்தக் கதையில் யாருமில்லை என்பதுதான் அதன் கொடுமை.

'ஷரபஞ்சர' படத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச அனுமதி வேண்டும். 1971. கல்பனா ஏற்ற காவேரி என்ற பாத்திரம். அன்பான கணவன், அழகான வீடு, குழந்தை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் மனம் பிறழ்கிறது. மகப்பேற்றை அடுத்து வரும் மனநோயை இன்று மருத்துவர்கள் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அன்று அதற்குப் பேய் பிடித்தது என்று பெயர், கெட்ட நேரம் என்று பெயர். காவேரி மனநல மருத்துவமனையில் குணமாகித்தான் வீடு திரும்புகிறாள். படத்தின் கனமான பகுதி அதன் பிறகுதான் வருகிறது. நோய் போய்விட்டது, ஆனால் நோயாளி என்ற பெயர் போகவில்லை. அவள் சிரித்தாலும் அக்கம்பக்கம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது, கோபப்பட்டாலும் பார்த்துக்கொள்கிறது. எந்தக் கணவனின் கையைப் பற்றிக்கொண்டு மீண்டுவிடலாம் என்று வந்தாளோ அவன் ஒதுங்குகிறான். அவன் வேறொருத்தியோடு பழகுவது தெரிந்ததும் மிச்சமிருந்த பிடியும் விட்டுப்போகிறது. அவள் மறுபடியும் மருத்துவமனைக்கே கொண்டுபோகப்படுகிறாள்.

அந்த வீட்டில் யாரும் கொடியவர் இல்லை என்பதை அவை கவனிக்க வேண்டும். அடிக்கும் மாமியார் இல்லை, சீதனம் கேட்டு மிரட்டும் மாமனார் இல்லை. நல்லவர்கள் என்று நாம் நாளும் வணக்கம் சொல்லும் மனிதர்கள்தாம் அவளை அணு அணுவாக உடைக்கிறார்கள். கெட்டவன் ஒருவனைக் காட்டி அவனைக் கடைசி ரீலில் திருத்திவிட்டால் குடும்பம் தப்பித்துவிடும். கெட்டவனே இல்லாமல் ஒருத்தி அழிந்தால் குடும்பம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

இதே வரிசையில் 1972இல் 'நாகரஹாவு'. சாமய்யா மேஷ்டரு மாதிரி ஓர் ஆசிரியர் நமக்குக் கிடைக்கவில்லையே என்று இன்றும் கன்னடத்தில் ஏங்குகிறார்கள், கே.எஸ். அஸ்வத் அப்படி நடித்திருந்தார். அந்த நல்ல மனிதர் என்ன செய்கிறார்? மகனைப் போல நேசித்த மாணவன் ராமாச்சாரியிடம், அலமேலு வேறு பிரிவைச் சேர்ந்தவள், அவளை விட்டுவிடு என்று சொல்லிச் சம்மதிக்க வைக்கிறார். குருவின் சொல்லை மீறாத சீடனாக அவனும் விடுகிறான். பெரியவர்கள் பார்த்து வைத்த இடத்துக்குப் போன அலமேலு எந்த நிலையில் அவன் கண்ணில் படுகிறாள் என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடலை விற்றுப் பிழைக்கும் நிலையில். பிறகு கிறித்தவப் பெண் மார்கரெட்டை அவன் நேசிக்கும்போதும் மேஷ்டரு குறுக்கே நிற்கிறார். குருவும் சீடனும் அவன் காதலியுமாக மூவரும் சித்ரதுர்க மலையிலேயே மடிகிறார்கள். பெரியோர் சொல் கேட்டால் நன்மை விளையும் என்பது மரபு. கேட்டதால் என்ன விளைந்தது என்பது படம்.

இங்கே எதிரணியிலிருந்து ஒரு குரல் வரும் என்று எதிர்பார்க்கிறேன்: கேள்வி கேட்ட படங்களெல்லாம் டெல்லியில் பரிசு வாங்கிய படங்கள், மக்கள் அவற்றைப் பார்க்கவே இல்லை என்று. அதனால்தான் புட்டண்ணாவை முன்னால் நிறுத்தினேன். 'ஷரபஞ்சர' படமும் 'நாகரஹாவு' படமும் திரையரங்குகளில் கூட்டம் கூட்டிய படங்கள். இன்னொரு 'நாகரஹாவு' கிடைக்காதா என்று தயாரிப்பாளர்களை ஏங்கவைத்த படம் அது. விஷ்ணுவர்தனும் அம்பரீஷும் அதிலிருந்துதான் எழுந்து வந்தார்கள்.

பரிசுப் படங்களையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கிரீஷ் கார்னாடும் பி.வி. காரந்தும் சேர்ந்து இயக்கிய 'வம்ச விருட்ச' படத்தில், குலம் தழைக்க வேண்டும் என்பதற்காகவே வாழும் சீனிவாச ஸ்ரோத்ரி, கணவனை இழந்த மருமகள் காத்யாயனி மறுமணம் செய்துகொண்டபோது பேரனைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். பிள்ளை குலத்தின் சொத்து அல்லவா! பிறகுதான் தாமே அந்தக் குலத்தின் விந்தில் பிறந்தவர் இல்லை என்று பழைய தாள்களிலிருந்து அவருக்குத் தெரியவருகிறது. ஒரு தாயையும் பிள்ளையையும் எதன் பேரில் பிரித்தாரோ அதுவே அவருக்கு இல்லை.

கிரீஷ் காசரவள்ளியின் முதல் படமான 'கடஸ்ராத்த', 1977ஆம் ஆண்டின் தேசியத் தங்கத் தாமரை பெற்றது. விதவை மகள் யமுனா கருவுற்றாள் என்பதற்காக, அவள் உயிரோடு இருக்கும்போதே தந்தை குடத்தை உடைத்து அவளுக்கு ஈமக்கடன் செய்கிறார். சாஸ்திரத்தில் அதற்கும் இடமிருக்கிறது, பாருங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, ராம் ரெட்டி மண்டியாப் பக்கத்துக் கிராமத்து மக்களையே நடிக்க வைத்து எடுத்த 'திதி' வருகிறது. நூற்றொரு வயதுக் கிழவர் செஞ்சுரி கவுடா இறந்துவிடுகிறார்; அவருடைய மகன் கட்டப்பாவோ தாடியும் மலிவு பிராந்தியுமாகத் தன் போக்கில் நடந்து திரிகிறார். நிலத்தை விற்க அவசரப்படும் பேரன் தம்மண்ணா, பணம் கொடுத்து, உயிரோடு இருக்கும் தன் தந்தைக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டு, அவர் கண்ணில் படாமலிருக்க அவரை ஊர் சுற்றிப் பார்க்க அனுப்பிவைக்கிறான். அன்று தந்தை உயிருள்ள மகளுக்குக் குடம் உடைத்தார். இன்று மகன் உயிருள்ள தந்தைக்குச் சான்றிதழ் வாங்குகிறான். முன்னது மானத்துக்காக, பின்னது மனைக்காக. கட்டப்பா ஏன் இப்படி வீடு ஒட்டாமல் திரிகிறார் என்பதற்கு ஆட்டிடையர்களிடம் அவரே ஒரு காரணம் சொல்கிறார். குழந்தைகளும் அமர்ந்திருக்கும் இந்த அவையில் அதை விவரிக்க மாட்டேன், தன் தந்தையைப் பற்றி எந்த மகனும் சொல்ல விரும்பாத காரணம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 'திதி' பார்த்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த சமூகம் அதைக் கேள்வி கேட்டு முடித்துவிட்ட சமூகம்.

தங்கைப் பாசப் படங்களைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. அண்ணனின் கண்ணீர் உண்மையானதுதான். ஆனால் புகுந்த வீட்டில் தங்கை ஏன் அத்தனை அடி வாங்க வேண்டும், அவள் தன் வாயைத் திறந்து ஏன் கேட்கக் கூடாது என்று அந்தப் படங்கள் கேட்பதில்லை. பொறுத்துப்போ அம்மா என்று சொல்லிவிட்டு அண்ணனை அழவைக்கின்றன. இதுதான் போற்றுதல் என்றால், அந்தப் பெருமையை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். 'முங்காரு மளெ' பற்றியும் ஒரு சொல்: நிச்சயமான திருமணத்தைக் கலைக்கக் கூடாது என்று காதலை விட்டுக்கொடுத்த பிரீதமின் பண்பை எதிரணி பாராட்டியது. பண்புதான். அந்த மழையில் அவனை அழவிட்டுப் படம் முடிகிறதே, அவனோடு ஊரே அழுததே, அது மரபு வென்றதற்கான ஆனந்தக் கண்ணீரா?

கடைசியாக ஒரு படம். பிரேமா காரந்த் 1983இல் இயக்கிய 'ஃபணியம்மா', எம்.கே. இந்திராவின் நாவல். ஃபணியம்மா சிறுமியாக இருக்கும்போதே விதவையாகித் தலை மழிக்கப்பட்டவர். வாழ்நாள் முழுவதும் மடி, ஆசாரம், விரதம் எதிலும் குறை வைக்காதவர். வீட்டில் எல்லாருக்கும் உதவி, எவருக்கும் பாரமில்லை. எதிரணி தேடும் மரபுத் திலகம் அவர்தான். அந்த வீட்டுக்கு உறவான இளம் விதவை தாட்சாயணி, என் தலையை மழிக்க விடமாட்டேன் என்று எதிர்த்து நிற்கிறாள். பெரியவர்கள் கொதிக்கிறார்கள். அப்போது அந்த இளம்பெண்ணின் பக்கம் நிற்பவர் ஃபணியம்மா. நான் பட்டேன், நீயும் படு என்று அவர் சொல்லவில்லை. நான் பட்டது போதும் என்கிறார். மரபின் ஒவ்வொரு விதியையும் தன் உடம்பில் தாங்கிப் பார்த்த ஒருவருக்கே அதைக் கேள்வி கேட்கும் முழுத் தகுதியும் உண்டு. கன்னடத் திரையில் அந்தக் கேள்வி வெளியிலிருந்து வீசிய கல்லாக வரவில்லை; ராஜீவனும் காவேரியும் சந்திராவும் ஃபணியம்மாவும் அந்த வீட்டுக்கு உண்மையாக இருந்தவர்கள்.

நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அன்பர் இன்னும் பத்துப் பாசப் படங்களின் பெயர்களைச் சொல்லக்கூடும். சொல்லட்டும், நானும் கேட்டு ரசிப்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் அவர் விடை தர வேண்டும். குணமாகி வீடு திரும்பிய காவேரியை இரண்டாம் முறை மருத்துவமனைக்கு அனுப்பியது யார்? அந்த விடையைக் கேட்டுவிட்டுத் தங்கள் தீர்ப்பை எழுதுமாறு வேண்டி அமர்கிறேன். வணக்கம்.